முதல் நாவலுக்கு முன்: இளம் தஸ்தயேவ்ஸ்கி வாசித்ததும் எழுதியதும்

கேள்வி: எனக்கு 24 வயது. முதல் நாவலைப் பாதி எழுதிவிட்டு நிற்கிறேன். "இன்னும் நிறைய வாசி, எழுதுவதை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் நான் மதிக்கும் ஒரு மூத்தவர். "எழுதுகிற காலத்தில் வாசிக்காதே, சாயல் விழுந்துவிடும்" என்கிறார் இன்னொருவர். தஸ்தயேவ்ஸ்கி முதல் நாவலை எழுதியது கிட்டத்தட்ட என் வயதில்தான் என்று சொல்லியிருந்தீர்கள். அப்போது அவர் என்ன வாசித்தார், எப்படி எழுதினார்? விரிவாகச் சொல்ல முடியுமா?

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள். 1838-இல் பொறியியல் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து 1845-இல் முதல் நாவலான 'ஏழை மக்கள்' கையெழுத்துப்படி முடிந்தது வரை தஸ்தயேவ்ஸ்கி அண்ணன் மிகயீலுக்கு எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைக்கின்றன. அவற்றை வரிசையாகப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். வாசிப்பு முடிந்து எழுத்து தொடங்கிய நாள் என்று அவருக்கு ஒன்று இருந்ததே இல்லை. சாயல் விழாமல் தப்பிக்கவும் அவர் முயலவில்லை. அவருக்கு முன்னோடியான ருஷ்ய எழுத்தாளர் கோகலின் சாயல் முழுசாகவே விழட்டும் என்று விட்டார், பிறகு அந்தக் கோகலோடு மல்லுக்கு நின்றார். அந்த மல்லுக்கட்டில் பிறந்ததுதான் முதல் நாவல். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதியெல்லாம் அது எப்படி நடந்தது என்ற கதை.

அவர் பிறந்தது 1821-இல், மாஸ்கோவில். அப்பா ஏழைகளுக்கான மரியின்ஸ்கி மருத்துவமனையில் டாக்டர், குடியிருப்பும் அந்த வளாகத்திலேயே. மாலை நேரங்களில் பெற்றோர் உரக்க வாசிப்பார்கள், பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கரம்ஸீன் எழுதிய ருஷ்ய வரலாறு அந்த வீட்டில் திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்ட நூல். எழுத்துக்கூட்டத் தெரியாத வயதில் ஆன் ராட்கிளிஃபின் திகில் கதைகளை வாய்பிளந்து கேட்டதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். பத்து வயதில் ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரின் 'கொள்ளையர்கள்' நாடகத்தை மேடையில் பார்த்தார், அந்தக் காட்சி ஆயுசுக்கும் அவரை விடவில்லை. இலக்கியம் அவருக்குக் காது வழியாக வந்தது. அவருடைய பாத்திரங்கள் பக்கம் பக்கமாகப் பேசித் தீர்ப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

1837-இன் தொடக்கத்தில் அம்மா காசநோயில் இறந்தார். அதே நாட்களில் புஷ்கின் இரட்டைப் போரில் சுடப்பட்டு இறந்த செய்தியும் வந்தது. வீட்டில் ஏற்கெனவே துக்கம் இல்லாமல் இருந்திருந்தால் புஷ்கினுக்காகத் துக்க உடை அணிய அப்பாவிடம் அனுமதி கேட்டிருப்பேன் என்று ஃபியோதர் சொல்லிக்கொண்டிருந்ததாகத் தம்பி ஆந்திரேய் நினைவுகூர்கிறார். அந்த மே மாதம் அப்பா மூத்த பையன்கள் இருவரையும் வண்டியில் ஏற்றி பீட்டர்ஸ்பர்க் அழைத்துப் போனார். கணக்குப் போட்டுக் கோட்டை கட்டும் ராணுவப் பொறியாளர்களாகப் போகிறவர்கள் வழியில் என்ன செய்தார்கள் தெரியுமா? அண்ணன் நாளுக்கு மூன்று கவிதை எழுதினான். தம்பி மனதுக்குள் வெனிஸ் நகரத்தைப் பற்றி ஒரு நாவல் கட்டிக்கொண்டு வந்தான். வெனிஸை அவன் பார்த்ததே இல்லை.

மிகயீலை உடல்நலக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்கவில்லை, அவர் ரேவல் (இன்றைய தாலின்) நகரத்துக்கு அனுப்பப்பட்டார். ஒரு வகையில் இது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். பிரிந்ததால்தான் கடிதங்கள் பிறந்தன. 1838 ஆகஸ்டில், 16 வயதில் எழுதிய கடிதத்தில் அந்தக் கோடையில் வாசித்ததைப் பட்டியல் போடுகிறார்: ஹாஃப்மன் முழுவதும், ருஷ்ய மொழிபெயர்ப்பு இல்லாததை ஜெர்மனிலேயே, பால்சாக் அநேகமாக எல்லாம், கெதேயின் 'ஃபவுஸ்ட்', விக்டர் ஹியூகோவில் இரண்டு நாடகங்கள் போக மற்றவை. பால்சாக்கைப் பற்றிச் சொல்லும்போது பையனுக்கு மூச்சு வாங்குகிறது. பாடத்தில் அதே வருடம் தேர்ச்சி பெறாமல் அதே வகுப்பில் மீண்டும் உட்கார வேண்டியதாயிற்று.

பள்ளி இருந்தது மிகாய்லவ்ஸ்கி கோட்டையில். அங்கே அதிகாரியாக இருந்த சவேல்யெவ் என்பவரின் நினைவுக்குறிப்பில் ஒரு காட்சி வருகிறது. எல்லோரும் தூங்கிய பிறகு, ஃபந்தான்கா ஆற்றைப் பார்த்த ஜன்னல் மாடத்தில் சின்ன மேசை போட்டு, சட்டைக்கு மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு அந்தப் பையன் எழுதிக்கொண்டிருப்பான். ஜன்னலிலிருந்து வரும் குளிர்காற்று அவனுக்கு உறைக்காது. 1839-இல், 17 வயதில், அண்ணனுக்கு எழுதினார்: மனிதன் ஒரு புதிர், அதை அவிழ்க்க வேண்டும், அதற்கு வாழ்நாள் முழுதும் செலவானாலும் காலம் வீணாயிற்று என்று சொல்லாதே. இதை எழுதியதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அப்பா கிராமத்தில் இறந்திருந்தார்.

அப்பா இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு அவருக்கு எழுதிய ஒரு கடிதம் என் கண்ணுக்குள் நிற்கிறது. முகாமுக்குப் போக வேண்டும், பணம் அனுப்புங்கள் என்று கேட்கிறான் பையன். பள்ளியில் கொடுப்பதுதான் இருக்கிறதே, தனியாகத் தேயிலை எதற்கு என்று அப்பா கேட்பார் என்று அவனுக்குத் தெரியும். மற்ற பையன்கள் எல்லோரும் சொந்தமாகத் தேயிலை வைத்திருக்கிறார்கள், நான் ஒருவன் மட்டும் எப்படி இல்லாமல் இருப்பது என்பதைச் சுற்றி வளைத்து விளக்குகிறான். ஐந்தாறு வருடம் கழித்து 'ஏழை மக்கள்' நாவலில், குமாஸ்தா மகார் தேவுஷ்கின் எழுதுகிறார்: தேநீர் குடிப்பதே மற்றவர்களுக்காகத்தான், மானத்துக்காகத்தான், எனக்கு இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நாவலில் அது ஒரு வரியில் போய்விடுகிறது. அந்த ஒரு வரியை எழுத ஒரு பிள்ளை தன் அப்பாவிடம் கூனிக்குறுகி நின்ற அனுபவம் தேவைப்பட்டிருக்கிறது. ஹாஃப்மனும் ஷில்லரும் அவருக்கு இதைக் கொடுத்திருக்க முடியாது. ஆனால் இது எழுதத் தக்க விஷயம் என்று அவருக்குத் தோன்ற வேண்டுமே, அதற்கு வாசிப்பு வேண்டியிருந்தது.

முதலில் அவர் எழுதியதெல்லாம் வேறு வகை. 1841-இல் 'மேரி ஸ்டூவர்ட்', 'போரிஸ் கதுனோவ்' என்று இரண்டு நாடகங்களின் பகுதிகளை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். இரண்டும் தொலைந்துவிட்டன. தலைப்புகளே போதும்: முதலாவது ஷில்லர் தொட்ட கதை, இரண்டாவது புஷ்கின் தொட்டது. ஆசான் எழுதியதையே மறுபடி எழுதிப் பார்க்கும் பருவம் அது. நீங்கள் அந்தப் பருவத்தில் இருந்தால் கூச்சப்பட வேண்டாம். எல்லோரும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

திரும்பிய இடம் எது? 1861-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவரே அதைச் சொல்ல முயல்கிறார். ஜனவரி மாத மாலை ஒன்றில் நேவா ஆற்றைக் கடக்கிறார். உறைந்த ஆற்றின் இரு கரையிலும் கூரைகளிலிருந்து புகை எழுந்து, வானத்தில் இன்னொரு நகரம் கட்டப்படுவது போலத் தெரிகிறது. அதுவரை ஷில்லரின் நாயகர்களோடும் பண்டைய ரோமோடும் வாழ்ந்தவர் சுற்றிப் பார்க்கிறார். ஷில்லரின் நாயகர்களைக் காணோம். சாதாரண அரசாங்கக் குமாஸ்தாக்கள் தெரிகிறார்கள். எங்கோ ஒரு இருட்டு மூலையில் நேர்மையான ஒரு குமாஸ்தாவின் இதயம், அதோடு அவமானப்பட்ட ஒரு பெண். தன் வாழ்க்கை அந்த நொடியில்தான் தொடங்கியது என்கிறார். பதினைந்து வருடத்துக்கு மேல் கழித்து எழுதியது, அதனால் ஒரு நொடி என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. திசை மட்டும் உண்மை. குமாஸ்தாக்கள் முன்பும் அங்கேதான் நடமாடினார்கள். கோகலைப் படித்த பிறகு அவர்கள் அவர் கண்ணில் பட்டார்கள்.

இதற்கு நடுவில் அவர் செய்த ஒரு வேலையைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல ஆசை. மொழிபெயர்ப்பு. 1843-இல் படிப்பை முடித்து, பொறியியல் துறையில் வரைபட வேலையில் இருந்தார். அந்தக் குளிர்கால விடுமுறையில் பால்சாக்கின் 'யூஜெனி கிராந்தே' நாவலை ருஷ்யனில் பெயர்த்தார். 1844-இல் ஒரு பீட்டர்ஸ்பர்க் இதழில் வந்தது. அச்சேறிய அவருடைய முதல் படைப்பு அதுதான். நோக்கம் பணம், அதில் ஒளிவுமறைவே இல்லை. அண்ணனையும் சேர்த்துக்கொண்டு ஷில்லர் முழுவதையும் மொழிபெயர்த்து விற்கலாம் என்று கணக்குப் போட்டு எழுதிக்கொண்டே இருந்தார். ஜார்ஜ் சாந்தின் நாவல் ஒன்றைக் கிட்டத்தட்ட முடித்த பிறகு, அது ஏற்கெனவே ருஷ்யனில் வந்துவிட்டது என்று தெரிந்தது. காசு பெரிதாக வரவில்லை. வேறொன்று வந்தது. ஒரு நாவலின் ஒவ்வொரு வாக்கியத்தையும் தன் மொழியில் திரும்பச் சொல்ல வேண்டிய நிலையில், அடுத்த அத்தியாயம் ஏன் இங்கே தொடங்குகிறது, இந்தப் பாத்திரத்தை ஏன் இத்தனை பக்கம் கழித்துக் கொண்டுவருகிறார் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்துவிடுகிறது. 1844 செப்டம்பரில் அண்ணனுக்கு எழுதும்போது, 'யூஜெனி கிராந்தே' அளவில் ஒரு நாவலை முடிக்கப்போகிறேன் என்கிறார். சொந்த நாவலை அளக்க அவர் கையில் இருந்த அளவுகோல் அவரே வரிவரியாகக் கடந்துவந்த புத்தகம்.

அந்த அக்டோபரில் வேலையை ராஜினாமா செய்தார். அப்பாவின் சொத்தில் தன் பங்குக்கு 1000 வெள்ளி ரூபிளை வாங்கிக்கொண்டு மீதி உரிமையை விட்டுக்கொடுத்தார். இதை மட்டும் பார்த்துப் பின்பற்றாதீர்கள். அவர் அடுத்த பல வருடங்கள் கடனில் தத்தளித்தார், அந்தக் கடன் அவர் எழுத்தையும் பாதித்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்போது அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர் கிரிகரோவிச், பள்ளித் தோழர், அவரும் எழுதத் தொடங்கியிருந்தார். தெருவில் வாத்தியப்பெட்டி வாசிப்பவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தஸ்தயேவ்ஸ்கிக்கு வாசித்துக் காட்டினார். பாட்டு முடிந்ததும் ஒரு குமாஸ்தா ஜன்னலிலிருந்து செப்புக்காசு எறிகிறான், அது வாசிப்பவனின் காலடியில் விழுகிறது என்று ஒரு வரி. தஸ்தயேவ்ஸ்கி பொறுக்க மாட்டாமல் குறுக்கிட்டார்: இல்லை, இல்லை, இது வறட்சியாக இருக்கிறது. காசு நடைபாதையில் கணகணவென்று துள்ளி விழுந்தது என்று எழுத வேண்டும். தனக்கு அது பெரிய திறப்பாக இருந்தது என்று கிரிகரோவிச் வயதான பிறகும் நினைவு வைத்து எழுதியிருக்கிறார். அந்தக் காசைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

'ஏழை மக்கள்' நவம்பரில் முடிந்தது. டிசம்பரில் முழுவதையும் திருப்பி எழுதினார். பிப்ரவரியில் மறுபடி உட்கார்ந்து செதுக்கினார், சேர்த்தார், நீக்கினார். மார்ச் நடுவில் திருப்தி என்று அண்ணனுக்கு எழுதினார். மே மாதக் கடிதத்தில் பார்த்தால் இன்னும் அதைக் கையிலிருந்து விடவில்லை. இவ்வளவு வேலை வைக்கும் என்று தெரிந்திருந்தால் தொடங்கியே இருக்க மாட்டேன் என்கிறார். இந்த மாதங்களிலும் வாசிப்பு நிற்கவில்லை. பழைய படைப்புகளையே திரும்பத் திரும்பப் படிப்பதாகவும், படித்ததிலிருந்து ஊக்கம் எடுத்துக்கொண்டு தானே எழுத முனைவதாகவும் சொல்கிறார். "எழுதும்போது வாசிக்காதே" என்பவருக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

இப்போது கோகல். 1842-இல் வந்த 'மேல்கோட்டு' கதை தெரிந்திருக்கும். அகாகி அகாகியெவிச் என்ற நகலெடுக்கும் குமாஸ்தா, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒரு கோட்டு தைக்கிறான். போட்ட முதல் நாளே திருடன் பறித்துக்கொள்கிறான். புகார் சொல்லப் போன இடத்தில் 'முக்கியப் பிரமுகர்' ஒருவர் அவனை அதட்டி அனுப்புகிறார். காய்ச்சல் வந்து சாகிறான். கோகல் அவனைப் பார்த்துச் சிரிக்கவும் வைக்கிறார், பரிதாபப்படவும் வைக்கிறார். ஆனால் அகாகிக்குப் பேச்சு வராது. பாதி வார்த்தையில் நின்றுவிடுவான். அவனைப் பற்றி எல்லாம் நமக்குத் தெரியும், அவனுக்கு என்ன தோன்றியது என்பது மட்டும் தெரியாது.

தஸ்தயேவ்ஸ்கி என்ன செய்தார்? அதே குமாஸ்தாவை, அதே நகலெடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். அவன் கையில் பேனாவைக் கொடுத்தார். 'ஏழை மக்கள்' முழுக்கக் கடிதங்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அநாதைப் பெண் வார்வராவுக்கு மகார் தேவுஷ்கின் எழுதுகிறார், அவள் பதில் எழுதுகிறாள். அத்தோடு விடவில்லை. அந்தக் குமாஸ்தாவின் கையில் கோகலின் கதையையே கொடுத்து வாசிக்க வைத்தார்!

முதலில் வார்வரா புஷ்கினின் 'அஞ்சல் நிலையத் தலைவர்' கதையை அனுப்புகிறாள். மகார் உருகிவிடுகிறார். என் நெஞ்சையே திருப்பிப் போட்டு எழுதியது போல இருக்கிறது, இதை நானே எழுதியிருக்கலாமே, இத்தனை நாள் இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் இருந்தேனே என்கிறார். சில நாளில் 'மேல்கோட்டு' வருகிறது. மனிதர் கொதித்துப்போகிறார். என் ஓட்டைப் பூட்ஸையும், நான் தேநீர் குடிக்கிறேனா என்பதையும் எட்டிப் பார்த்து ஊருக்குச் சொல்வதா? ஒரு மூலையில் ஒடுங்கி வாழவும் விடமாட்டார்களா? கடைசியில் கதையைத் திருத்தவே தொடங்கிவிடுகிறார்: அவனைச் சாகடித்திருக்கக் கூடாது, கோட்டு திரும்பக் கிடைத்திருக்க வேண்டும், அந்தப் பிரமுகர் அவன் நல்ல குணத்தைக் கேள்விப்பட்டுப் பதவி உயர்வு கொடுத்திருக்க வேண்டும்.

இந்தத் திருத்தம் பேதைமையானது என்று தஸ்தயேவ்ஸ்கிக்குத் தெரியும். ஆனால் மகாரின் கோபம் நியாயமானது என்றும் தெரியும். அதனால்தான் அடுத்து வரும் பொத்தான் காட்சி. நகலெடுத்ததில் ஒரு வரியை விட்டுவிட்டதால் மகாரை மேலதிகாரி முன் கூப்பிடுகிறார்கள். கண்ணாடியில் தன் கோலத்தைப் பார்த்துக்கொள்கிறார். அந்த நேரத்தில் நூலில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தான் அறுந்து, துள்ளி, கணகணத்து, உருண்டு, நேராக மேலதிகாரியின் காலடிக்குப் போகிறது. மகார் குனிந்து அதைப் பிடிக்கப் பார்க்கிறார், அது சுழன்று நழுவுகிறது. கிரிகரோவிச்சின் காசு ஞாபகம் வருகிறதா? ருஷ்ய மூலத்தில் பொத்தானுக்கும் அந்தத் துள்ளலும் ஓசையும் இருக்கின்றன. நண்பருக்குச் சொன்ன திருத்தத்தை அவர் தன் நாவலின் உச்சத்தில் தானே நிறைவேற்றிக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

கோகலின் பிரமுகர் அதட்டினார். இங்கே மேலதிகாரி மற்றவர்களை அனுப்பிவிட்டு 100 ரூபிள் நோட்டைக் கொடுக்கிறார். மகார் அவர் கையை முத்தமிடப் போகிறார். அவர் முகம் சிவந்து, சமமானவனின் கையைப் பிடிப்பது போல மகாரின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். அந்த நூறு ரூபிளைவிட அந்தக் கைகுலுக்கல்தான் பெரிது என்று மகார் வார்வராவுக்கு எழுதுகிறார். ஏழைக்கு மேல்கோட்டுக்கு முன்னால் மானம் வேண்டும் என்று 23 வயதுப் பையன் தன் ஆசானுக்குச் சொன்ன பதில் அது. கோகலை அவ்வளவு ஆழமாகப் படிக்காத ஒருவனால் அதை எழுதியிருக்க முடியாது.

நாவலில் புத்தகங்களைப் பற்றி இன்னொரு பகுதி உண்டு, நான் எத்தனை முறை படித்தாலும் கலங்கிப்போவேன். வார்வராவுக்குப் பாடம் சொல்லும் ஏழை மாணவன் பக்ரோவ்ஸ்கியின் பிறந்தநாளுக்குப் புஷ்கினின் முழுத்தொகுதியைப் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசுகிறாள் வார்வரா. கொஞ்சம் பணம் குறைகிறது. அதே கடைத்தெருவில் அவனுடைய குடிகார அப்பாவும் மகனுக்குப் புத்தகம் வாங்கக் கைக்காசை வைத்துக்கொண்டு தடுமாறுகிறார். இருவரும் சேர்ந்து வாங்குகிறார்கள். முழுப் பரிசையும் அப்பாவே கொடுத்ததாக இருக்கட்டும் என்று அவள் விட்டுக்கொடுக்கிறாள். பிறகு மாணவன் இறந்துபோகிறான். மழையில் சவ வண்டிக்குப் பின்னால் கிழவர் அழுதுகொண்டே ஓடுகிறார். பைகளிலெல்லாம் மகனுடைய புத்தகங்கள். அவை ஒவ்வொன்றாகச் சேற்றில் விழுகின்றன. வழிப்போக்கர்கள் நிறுத்திச் சொல்ல, எடுத்துக்கொண்டு மறுபடி ஓடுகிறார். அண்ணனுக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் புத்தகத்துக்கும் பணத்துக்கும் ஏங்கிய ஒரு இளைஞனின் ஏக்கம் முழுவதும் இந்தப் பக்கங்களில் இருக்கிறது.

மகாருக்கு நடை பற்றிய கவலையும் உண்டு. எனக்கு நடையே இல்லை என்று தொடக்கத்திலிருந்து வருந்துகிறார். வார்வரா வேறொருவனைக் கல்யாணம் செய்துகொண்டு தூரதேசம் போகும் நேரத்தில் எழுதும் கடைசிக் கடிதத்தில், இப்போதுதான் என் நடை உருவாகிக்கொண்டிருக்கிறது என்று கதறுகிறார். நாவல் வந்ததும் விமர்சகர்கள் நீளம், வளவளப்பு என்றார்கள். தஸ்தயேவ்ஸ்கி அண்ணனுக்கு எழுதிய பதிலை உங்கள் மேசைக்கு மேல் ஒட்டி வைக்கலாம். எல்லாவற்றிலும் ஆசிரியனின் முகத்தைப் பார்த்தே இவர்களுக்குப் பழக்கம், நான் என் முகத்தைக் காட்டவில்லை, பேசுவது தேவுஷ்கின், அவருக்கு வேறு மாதிரிப் பேச வராது என்றார். ஆறேழு வருடம் அண்ணனுக்குக் கொட்டித் தீர்த்த கடிதங்கள்தான் இந்த வடிவத்துக்கு அவரைத் தயார்ப்படுத்தின என்பது என் எண்ணம்.

1845 மே மாத இறுதி, பீட்டர்ஸ்பர்க்கில் இரவு இருட்டாத காலம். கிரிகரோவிச் கையெழுத்துப்படியை வாங்கிக்கொண்டு போய்க் கவிஞர் நெக்ராசவிடம் கொடுத்தார். பத்துப் பக்கம் பார்ப்போம் என்று உட்கார்ந்தவர்கள் விடிய விடிய மாறி மாறி உரக்கப் படித்து முடித்தார்கள். தூங்கினால் என்ன, எழுப்புவோம், தூக்கத்தைவிட இது பெரிது என்று அதிகாலை நான்கு மணிக்குத் தஸ்தயேவ்ஸ்கியின் கதவைத் தட்டினார்கள். இந்தக் கதை பிரபலம். பலரும் சொல்லாமல் விடுவது, அந்த இரவு தஸ்தயேவ்ஸ்கி என்ன செய்துகொண்டிருந்தார் என்பது. தன் வாழ்க்கையே தொங்கலில் நிற்கும் அந்த இரவில் அவர் ஒரு பழைய நண்பர் வீட்டில் உட்கார்ந்து, எத்தனையாவது முறை என்று தெரியாமல், கோகலின் 'இறந்த ஆன்மாக்கள்' நாவலைச் சேர்ந்து வாசித்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். 1877-இல் அவரே எழுதியது இது.

நெக்ராசவ் மறுநாள் விமர்சகர் பெலின்ஸ்கியிடம் போய், புதிய கோகல் தோன்றிவிட்டார் என்றார். உங்களுக்குக் கோகல்கள் காளான் போல முளைக்கிறார்கள் என்று சலித்துக்கொண்ட பெலின்ஸ்கி, படித்து முடித்துத் தஸ்தயேவ்ஸ்கியை வரவழைத்து, நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று உங்களுக்கே புரிகிறதா என்று கத்தினார். அறுந்த பொத்தானைத்தான் அவரும் எடுத்துச் சொன்னார். 1846 ஜனவரியில் நாவல் அச்சில் வந்தது.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புகழ் தலைக்கேறியது, 1845 நவம்பர் கடிதத்தைப் படித்தால் தெரியும். முதல் நாவல் அச்சேறிய அடுத்த மாதமே, 1846 பிப்ரவரியில், இரண்டாவது நாவல் 'இரட்டையர்' வந்தது. நீளம் என்றார்கள், கோகலின் நகல் என்றார்கள். பெலின்ஸ்கியின் உற்சாகம் வடிந்தது. துர்கனேவும் நெக்ராசவும் கேலிப்பாட்டு எழுதினார்கள். பத்திரிகை முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு அவசரமாக எழுதியதில் பல பக்கங்கள் கெட்டுப்போயின என்று அவரே நொந்துகொண்டார். முதல் நாவலுக்கு இருந்த அந்த டிசம்பரும் பிப்ரவரியும் இரண்டாவதுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 'இரட்டையர்' கதையின் கரு எவ்வளவு பெரியது என்பதை அவர் கைவிடவில்லை. இலக்கியத்துக்கு அதைவிடத் தீவிரமான ஒரு கருத்தை நான் கொண்டுவந்ததே இல்லை என்று 1877-இல் எழுதினார். இந்த வருடங்களில் நண்பரான டாக்டர் யனோவ்ஸ்கியிடம் மூளை, மனநோய் பற்றிய மருத்துவ நூல்களை இரவல் வாங்கிப் படித்தார். 1848-இல் 'வெண்ணிற இரவுகள்' வந்தது.

1849 ஏப்ரலில் கைது. அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? சோஷலிசக் கருத்துகளை விவாதித்த பெட்ரஷெவ்ஸ்கி என்பவரின் வீட்டுக் கூட்டத்தில் பெலின்ஸ்கி கோகலுக்கு எழுதிய தடைசெய்யப்பட்ட கடிதத்தை உரக்க வாசித்தார் என்பது. தன்னைக் கண்டுபிடித்த விமர்சகர், தன்னை உருவாக்கிய ஆசானைக் கண்டித்து எழுதியதை வாசித்ததற்காக மரண தண்டனை. டிசம்பர் 22 அன்று கொலைக்களத்தில் நிற்கவைத்துக் கடைசி நிமிடத்தில் தண்டனையை மாற்றினார்கள். அன்றே அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், எழுத முடியாமல் போனால் அழிந்துவிடுவேன், பேனா கையில் இருக்குமானால் பதினைந்து வருடச் சிறையும் மேல் என்கிறார். ஓம்ஸ்க் சிறையில் நான்கு வருடம், அனுமதிக்கப்பட்ட புத்தகம் புதிய ஏற்பாடு. பேனா மறுக்கப்பட்ட அந்த இடத்திலும் சக கைதிகளின் சொலவடைகளை ஒரு சின்ன நோட்டில் ரகசியமாகக் குறித்துவைத்தார். 1854-இல் வெளியே வந்ததும் அண்ணனிடம் கேட்டவற்றில் குர்ஆன், காண்ட், ஹெகல் எல்லாம் இருந்தன.

இனி உங்கள் பாதி நாவல். அந்த மூத்தவர் சொன்னபடி காத்திருக்க வேண்டாம். வாசிப்புக்கு ஒரு கணக்கு வைத்து, அது நிரம்பிய பிறகு எழுதுவது என்றால் அந்த நாள் வராது. வாசிப்பை நிறுத்தவும் வேண்டாம். உங்களை மிகவும் பாதித்த ஒரு நாவலை எடுத்து, அதில் எந்தப் பாத்திரத்துக்கு அநியாயம் நடந்ததாக உங்களுக்குத் தோன்றுகிறது என்று பாருங்கள். கதையில் பாத்திரத்துக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லவில்லை. அந்த ஆசிரியர் அவரைப் பேசவிடாமல் செய்த அநியாயத்தைச் சொல்கிறேன். நம் மொழியிலேயே சமையலறையை விட்டு வெளியே வராத எத்தனை அத்தைகள், கதவோரம் நின்று கேட்டுவிட்டுப் போன எத்தனை பண்ணையாட்கள் நல்ல நாவல்களில் இருக்கிறார்கள்! உங்கள் நாவல் நின்றுபோனதற்கு அதில் பேச வேண்டியவர் இன்னும் பேசத் தொடங்காதது காரணமாக இருக்கலாம்.

ஆங்கிலம் உங்களுக்கு வரும் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பிடித்த ஒரு சிறுகதையை முழுவதுமாகத் தமிழில் பெயர்த்துப் பாருங்கள், அச்சுக்காக வேண்டாம். எழுதியதை நம்பகமான ஒரே ஒரு நண்பருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். உங்கள் குரல் தடுக்கும் இடமே எது வறண்டது என்று சொல்லிவிடும். வேலையை விட வேண்டாம். முடிந்ததும் உடனே பதிப்பாளரிடம் ஓடவும் வேண்டாம், ஒரு மாதம் விட்டு முழுவதையும் திருப்பி எழுதுங்கள்.

முதலில் புஷ்கினின் 'அஞ்சல் நிலையத் தலைவர்', அடுத்து 'மேல்கோட்டு', அதற்குப் பிறகு 'ஏழை மக்கள்' என்ற வரிசையில் படியுங்கள். மூன்றும் சேர்ந்தே முந்நூறு பக்கத்துக்குள் அடங்கிவிடும். படித்துவிட்டு, உங்கள் நாவல் யாரோடு மல்லுக்கு நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.